ஹட்சன் ஹாக்: பாட்டுப் பாடித் திருடும் படத்தைத் தூக்கி எறிந்தது சரியா?

லோயர்கேம்ப்காரன்:
1991-ல் வந்த ‘ஹட்சன் ஹாக்’ என்ற ஹாலிவுட் படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். குமுளியில் கேசட் வாடகைக்கு எடுத்து, சித்தப்பா வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். அப்போது சிரித்த இடங்களிலெல்லாம் நேற்றும் சிரித்தேன். இந்தப் படத்தை ஊரே சேர்ந்து திட்டித் தீர்த்தது அநியாயம் என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. எடி என்ற கைதேர்ந்த திருடன் (புரூஸ் வில்லிஸ்) 10 வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். திருட்டை விட்டுவிட வேண்டும், நிம்மதியாக ஒரு கப் காப்புச்சினோ காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விட மாட்டேன் என்கிறார்கள். நன்னடத்தை அதிகாரி, மாஃபியா அண்ணன் தம்பி, சி.ஐ.ஏ. ஆட்கள், பணத்திமிர் பிடித்த ஒரு கணவன் மனைவி என்று வரிசையாக வந்து மிரட்டுகிறார்கள். லியோனார்டோ டா வின்சியின் படைப்புகளை அவன் திருடித் தர வேண்டும். ஈயத்தைத் தங்கமாக்கும் ஓர் இயந்திரத்தை டா வின்சி செய்ததாகவும், அதை இயக்கும் படிகத்தின் துண்டுகள் அந்தப் படைப்புகளுக்குள் ஒளிந்திருப்பதாகவும் கற்பனை.

எனக்குப் பிடித்ததே திருடும் விதம்தான். எடியும் அவன் கூட்டாளி டாமியும் (டேனி ஐயெல்லோ) கடிகாரம் கட்டிக்கொள்வதில்லை. எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் எத்தனை வினாடி என்பது இருவருக்கும் மனப்பாடம். கலைப்பொருள்களை விற்கும் ஏலக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, 1944-ம் வருடத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்’ பாட்டை ஒரே நேரத்தில் பாட ஆரம்பிக்கிறார்கள். பாட்டு முடியும் இடத்தில் வேலையும் முடிந்திருக்க வேண்டும். இதைப் பார்த்து அமெரிக்க விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பாட்டோடு படம் பார்த்து வளர்ந்த நாம் ஏன் சுளிக்க வேண்டும்?

குமுளி எடிட்டர்:
அண்ணே, நான் கல்யாண வீடியோ வெட்டிச் சேர்க்கிறவன். இந்தப் படத்தை வேலைக்காரன் கண்ணோடு இரண்டு தடவை பார்த்தேன். தூக்கி எறிந்தது சரிதான்.

கணக்கைப் பார்ப்போம். செலவு ஏறக்குறைய ஆறரைக் கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் 1 கோடியே 70 லட்சத்தை ஒட்டித்தான். அந்த வருடத்தின் மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை என்று மூன்று ராஸி விருதுகளும் வந்தன. கூட்டம் எப்போதும் சரியாகவே சொல்லும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர்கள் தொட்டுக் காட்டிய புண் நிஜமானது.

திருட்டுப் படத்துக்கு அடிப்படை பயம். மாட்டிக்கொள்வார்களோ என்று நம் வயிற்றுக்குள் ஒரு பிசைவு இருக்க வேண்டும். 1955-ல் ஜூல்ஸ் டாசின் எடுத்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். நகைக்கடையின் மேல்மாடித் தரையை உடைத்து இறங்குகிறார்கள். கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. உளி படும் சத்தம், மூச்சு, துணி உரசல், இவ்வளவுதான் கேட்கும். ஓட்டை போட்டதும் அதன் வழியே ஒரு குடையை விட்டு விரிக்கிறார்கள், உதிரும் காரை கீழே விழுந்து சத்தம் எழுப்பக் கூடாது என்று. அந்தக் குடை விரியும்போது நான் மூச்சையே விடவில்லை. ஹட்சன் ஹாக்கில் அப்படி ஒரு நொடி உண்டா, சொல்லுங்கள். பாட்டுப் பாடிக்கொண்டு ஆடி ஆடித் திருடுகிறார்கள். மாட்ட மாட்டார்கள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, டாமியின் கார் தீப்பிடித்து மலையுச்சியிலிருந்து விழுகிறது. செத்தான் என்று நாம் வருந்துகிறோம். கடைசியில் காற்றுப்பை காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறான். அதே படத்தில் வில்லனின் வேலைக்காரனுக்குத் தலை துண்டாகிறது. ஒரு ஆளுக்கு மரணம் விளையாட்டு, இன்னொரு ஆளுக்கு நிஜம். பார்க்கிறவன் எந்தத் தராசை நம்புவது?

ஏலத்தோட்டம்:
வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் போட்டிருக்கிறேன். படத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கிற எண்ணமும் இல்லை. கெட்டிக்காரத் திருடன், அழகான திருடன் என்று எடுக்கிற படம் எதுவுமே எனக்குப் பிடிக்காது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் ஏலக்காய் விலை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த நேரம் ராத்திரியில் தோட்டத்துக்குள் புகுந்து காய்களைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போனார்கள். காயைப் பறித்தால் அடுத்த சுற்றுக்குப் பிஞ்சாவது மிஞ்சும். சரத்தை அறுத்தால் அந்தச் செடியில் அந்த வருடம் அவ்வளவுதான். என் ஸ்டோரில் உலர்த்தி வைத்திருந்த இரண்டு மூட்டையும் போனது. பூட்டு பூட்டினபடியே இருந்தது. கூரையில் ஒரே ஒரு தகரத்தை ஆணி கழற்றி நகர்த்திவிட்டு இறங்கியிருக்கிறான். கீழே கால் தடம்கூட இல்லை. நீங்கள் ரசிக்கிற சாமர்த்தியம் முழுக்க அவனிடம் இருந்தது தம்பி.

போனது என் சரக்கு. ஆனால் அடி விழுந்தது காவலுக்குப் படுத்திருந்த பெரியவருக்கு. தேவாரம் ஊர்ப் பக்கத்து ஆள். 20 வருடம் என் தோட்டத்தில் இருந்தவர். பூட்டு உடையவில்லை, அதனால் உள்ளாள் வேலைதான் என்று போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் சொல்லியும் கேட்கவில்லை. திருட்டுப் படத்தில் மறுநாள் காலையைக் காட்டுவார்களா? காவல்காரன் வீட்டைக் காட்டுவார்களா?

லோயர்கேம்ப்காரன்:
அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பெரியவருக்கு நடந்தது தப்பு. அதோடு இந்தப் படத்தை நான் எடை போட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எடி ஆசைப்பட்டுத் திருடவில்லை. சிறையிலிருந்து வந்தவன் என்பதாலேயே ஆளாளுக்கு அவன் கழுத்தில் கை வைக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். படத்தில் நிஜமான கொள்ளைக்காரர்கள் கோட் போட்டவர்கள்.

எடிட்டருக்குப் பதில். பாட்டு பயத்தைக் கெடுக்கிறது என்கிறீர்கள். என் தாத்தா ஏற்றம் இறைத்தவர். மேலே மரத்தில் ஒருவர் நடப்பார், கீழே சால் பிடித்து ஒருவர் நிற்பார். பாட்டு நின்றால் கால் தவறும். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே வரும். ஒருவர் எண்ணைச் சொல்லி அடியெடுக்க, மற்றவர் முடிப்பார். எந்த வயலுக்கு எத்தனை சால் என்பது அந்தக் கணக்குத்தான். கடிகாரம் இல்லாத ஆட்களுக்குப் பாட்டுத்தான் கடிகாரம். ஆறன்முளையில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு வஞ்சிப்பாட்டு எதற்கு? நூறு பேர் கை ஒன்றாக இறங்க வேண்டும் என்பதற்குத்தானே? ஹாலிவுட்காரர்கள் இதைத் தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, வேலைப் பாட்டு என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு வேறு மாடியில் நின்று ஒரே சொல்லை ஒரே நொடியில் சொல்கிறார்கள். நட்பை இதைவிட எப்படிக் காட்டுவது?

சுருளிப்பட்டி 02:
நடுவில் ஒரு சந்தேகம். ‘கேட் பர்க்லர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘பூனைத் திருடன்’ என்று ஒரு தளத்தில் பார்த்தேன், பூனையைத் திருடுகிறவன் என்றுதான் எனக்குப் பட்டது. ‘கன்னக்கோல் திருடன்’ சரியா?

பீர்மேடு டீச்சர்:
தம்பி, கன்னக்கோல் சரிவராது. கன்னம் வைக்கிறவன் மண்சுவரைத் துளைத்து நுழைகிறவன். ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறவன் சுவரையும் கூரையையும் ஏறி, சத்தமில்லாமல் மேல்வழியாக இறங்குகிறவன். ‘பூனைநடைத் திருடன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஏலத்தோட்டம் அண்ணன் வீட்டு ஸ்டோரில் இறங்கினவன் இந்த வகைதான்.

நான் தமிழ் வழிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். வருடா வருடம் சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி மலைக்குப் போகிறேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கண்ணகி கோயிலுக்கு ஏற விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் ஒரு பக்கம், பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த விவாதத்தைப் படிக்கும்போது அந்த மலையும் அந்தக் கதையும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். கோவலனைப் பிடிக்கக் காவலர்கள் வருகிறார்கள். பார்த்ததும், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அங்கேதான் பொற்கொல்லன் பேச ஆரம்பிக்கிறான். கள்வருக்குத் துணையாக எட்டு உண்டு என்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றாக விரித்து, கள்வனின் திறமையை அப்படிப் புகழ்கிறான். கேட்கக் கேட்கக் காவலர்கள் மயங்குகிறார்கள். அவர்களில் ஒருவன், மழை இருட்டில் தன்னிடமே ஒரு கள்வன் கைவரிசை காட்டிய கதையைச் சொல்கிறான். கடைசியில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பை எடுத்த நிஜமான கள்வன், அந்தப் புகழுரையைப் பேசிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான்.

இளங்கோ இதைச் சும்மா எழுதவில்லை. கெட்டிக்காரத் திருடனின் கதை கேட்பவர் கண்ணை மறைக்கும், தப்பான ஆள் மேல் வாள் விழும் என்பதை 2 பக்கத்துக்குள் காட்டிவிட்டார். தேவாரம் பெரியவருக்கு நடந்ததும் இதுவே. பூட்டு உடையவில்லை என்றால் எப்படி நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு சாமர்த்தியக் கதை கட்டியிருப்பார்கள். அந்தக் கதைக்குப் பொருந்துகிற ஆள் அவர்தான் என்று ஆகிவிட்டது.

படத்தை நான் பார்த்திருக்கிறேன். பாட்டை லோயர்கேம்ப்காரன் தம்பி சொன்னபடி ‘காலம்’ என்ற துணையாக ஏற்கிறேன், அழகான யோசனை. ஆனால் ஏலக்கூடத்துக் காவலர்களை வெறும் பொம்மைகளாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குமுளி எடிட்டர்:
டீச்சர் சொன்ன ‘காலம்’ என்பதிலிருந்தே நான் வருகிறேன்.

ஏற்றப் பாட்டில் எண் தவறினால் என்ன ஆகும்? கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கால் தவறினால் ஆள் கிணற்றுக்குள். அந்த ஆபத்து இருப்பதால்தான் பாட்டுக்கு எடை. ஹட்சன் ஹாக்கில் பாட்டு ஒரு வினாடி பிந்தினால் எதை இழப்பார்கள் என்று படம் நமக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இந்த வரிக்குள் இந்தக் கதவு, அந்த வரிக்குள் அந்தக் காவலர் என்று முன்கூட்டியே நம் மனதில் பதிய வைத்திருந்தால், அந்தப் பாட்டைக் கேட்டு நமக்கு வியர்த்திருக்கும். எடுத்தவர்கள் கையில் தங்கம் இருந்தது, உரசிப் பார்க்கவே இல்லை. என் கோபம் அதில்தான் அண்ணே. யோசனை மட்டமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கும் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. கதை புரூஸ் வில்லிஸ், அவர் நண்பர் ராபர்ட் கிராஃப்ட் இருவருடையது. இயக்குநர் மைக்கேல் லேமன் அதற்கு முன் சிறிய செலவில், மரணத்தையும் கிண்டலடிக்கும் கறுப்பு நகைச்சுவைப் படம் எடுத்தவர். திரைக்கதை எழுதிய இருவரில் ஸ்டீவன் டி சூசா, புரூஸ் வில்லிஸ் நடித்த ‘டை ஹார்ட்’ அதிரடிப் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவர், டேனியல் வாட்டர்ஸ் லேமனின் முதல் படத்துக்கு எழுதியவர். ஒருவர் அதிரடி, ஒருவர் கிண்டல். நடுவில் கதாநாயகனே கதாசிரியர். இந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்? எனக்குக் கல்யாண வீடியோவிலேயே மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு காட்சியையும் வெட்ட முடிவதில்லை.

லோயர்கேம்ப்காரன்:
பாட்டின் வரிக்கு வரி ஆபத்தைப் பதிய வைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அப்படி யோசித்ததில்லை. நீங்கள் சொன்னபின் அந்தக் காட்சி இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கண்ணில் தெரிகிறது.

ஆனால் இரண்டு தராசு என்ற குற்றச்சாட்டை ஏற்க மாட்டேன். முதல் காட்சியிலேயே டா வின்சி பறக்கும் இயந்திரத்தோடு வருகிறார். சி.ஐ.ஏ. ஆட்களுக்கு மிட்டாய்ப் பெயர்கள். அதில் ஒருவன் வாயே திறக்காமல் அட்டையில் எழுதிக் காட்டுகிறான். ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சர் நழுவி, எடி படுத்தபடியே நியூயார்க் பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே உருண்டு போகிறான். இது கார்ட்டூன், இப்படித்தான் பார் என்று படம் கத்திச் சொல்கிறது. அதைக் கேட்க விடாமல் செய்தது விளம்பரம். முந்தின வருடம்தான் ‘டை ஹார்ட்’டின் இரண்டாம் பாகம் ஓடியிருந்தது. அதே ஆள், அதே மாதிரி அதிரடி என்று கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வீடியோ கேசட் போட்டபோதுதான் விளம்பர வரியில் சிரிப்பு என்ற சொல்லையே சேர்த்தார்கள். நான் அந்தக் கேசட்டில் பார்த்தவன். எனக்கு யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை.

இன்னொன்று, தங்க இயந்திரம் என்றதும் அபத்தம் என்று தள்ளிவிடுகிறார்கள். அதற்குள் நிஜத்தின் வலி ஒன்று இருக்கிறது. எடி முதலில் திருடுவது டா வின்சியின் குதிரைச் சிற்ப மாதிரி. நிஜத்திலும் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்காக மாபெரும் வெண்கலக் குதிரை ஒன்றைச் செய்ய டா வின்சி வருடக்கணக்கில் பாடுபட்டார். களிமண்ணில் முழு அளவு மாதிரியும் செய்து முடித்தார். 1494-ல் அதற்கென்று வைத்திருந்த வெண்கலத்தைப் பீரங்கி வார்க்க எடுத்துக்கொண்டார்கள். 1499-ல் பிரெஞ்சுப் படை நுழைந்தது, வில்வீரர்கள் அந்தக் களிமண் குதிரையைக் குறிவைத்துப் பழகியே உடைத்தார்கள். நிறைவேறாத அந்தக் குதிரையை வைத்து, உலோகத்துக்குப் பஞ்சமே வராத ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தது எனக்கு அபத்தமாகப் படவில்லை.

அப்புறம் ஏலத்தோட்டம் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் படத்தையும் பார்க்கச் சொல்லவில்லை. எடி சிறையிலிருந்து வருகிற ஆரம்பத்தையும், கடைசி ஐந்து நிமிடத்தையும் மட்டும் பாருங்கள். நடுவில் என்ன என்றால், ஒவ்வொரு தடவை காபி கையில் வரும்போதும் யாராவது தட்டிவிடுவார்கள், சுடுவார்கள், இழுத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

சுருளிப்பட்டி 02:
பூனைநடைத் திருடன் நன்றாக இருக்கிறது டீச்சர். நான் ரிஃபிஃபியின் அந்த அரை மணி நேரத்தைத் தேடிப் பார்த்தேன். குடை விரிகிற இடத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. எடிட்டர் அண்ணன் பக்கம்தான் நான். ஆனால் பாட்டு மட்டும் இரண்டு நாளாக வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பீர்மேடு டீச்சர்:
லோயர்கேம்ப்காரன் தம்பி, கார்ட்டூன் என்று படமே சொல்லிவிட்டது என்பது சரி. ஆனாலும் கார்ட்டூனில் அடிபட்டவன் எழுந்து ஓடுவான். இதில் சிலர் எழுந்திருப்பதே இல்லை. எடிட்டர் தம்பி கேட்டது அதைத்தான், அதற்கு உங்கள் பதில் வரவில்லை.

லோயர்கேம்ப்காரன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். தலை துண்டாகிற காட்சியில் நானும் நேற்றுச் சிரிக்கவில்லை.

ஏலத்தோட்டம்:
தம்பி கேட்டதற்காக மகளிடம் சொல்லிப் போடச் சொன்னேன். ஆரம்பமும் கடைசியும் மட்டும் என்று உட்கார்ந்தேன், முழுக்கவே பார்த்துவிட்டேன்.

பெரும்பாலும் எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சல் அதிகம். அந்தப் பணக்காரப் புருஷன் பெண்டாட்டி கத்துகிற கத்தலில் தலை வலித்தது. ஏலக்கூடத்தில் அவர்கள் பாடிக்கொண்டு போகும்போது என் கண் அந்தக் காவலர்கள் மேலேயே இருந்தது. மறுநாள் அவர்களை யார் விசாரித்தார்கள் என்று படம் கடைசி வரை சொல்லவில்லை. டீச்சர் சொன்னதும் எடிட்டர் தம்பி சொன்னதும் சரி.

ஆனால் கடைசியில் அவன் அந்தக் காபியைக் குடிக்கிறானே, அங்கே என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவரை வெளியே விட்டபோது ஜீப் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன், ஒன்றும் பேசவில்லை. குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கடையில் ஒரு கட்டஞ்சாயா கேட்டார். சூடு ஆறும் வரை இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகக் குடித்து முடித்து, காசை அவரே கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.